விழாவுக்கு வந்து வீடு திரும்பாதவர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு நினைவுகூரல் கூட்டத்தில் இளைப்பாறிய ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மறைந்த தோழியரைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக்குழுவினர் என்னைக் கேட்டபோது, 'எந்தத் தோழியரைப் பற்றி?' என்று நான் திருப்பிக் கேட்டேன். வயதாகி, நோயுற்று, பேரப்பிள்ளைகளைக் கண்டபின் போனவர்களுக்கு அஞ்சலி செய்வது எங்களுக்குத் தெரியும். தேவாரம் பாடுவோம், ஞானப்பாட்டுப் படிப்போம், படத்துக்கு மாலை போடுவோம், பிறகு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அவர்கள் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிப்போம். அது துக்கந்தான். ஆனால் ஆறக்கூடிய துக்கம். பாடசாலைச் சட்டையோடு போனவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எங்கள் மனதில் வயது ஏறுவதில்லை. எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது, அவர்கள் இன்னமும் இரட்டைப் பின்னலோடுதான் நிற்கிறார்கள்.

பண்டத்தரிப்பு, சாந்தை, சில்லாலை, வடலியடைப்பு, காலையடி, பனிப்புலம், மாதகல் என்று நாலு பக்கமிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் வந்து படித்தவர்கள் நாங்கள். எந்த வருடத்து வகுப்பை எடுத்தாலும் இடாப்பில் பாதியில் நின்றுபோன பெயர் ஒன்றாவது இருக்கும். எங்கள் தலைமுறையில் அப்படி நின்றுபோன பெயர்களிற் பெரும்பாலானவை போரால் நின்றவை. அதைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்வேன். இன்று முதலிற் பேச விரும்புவது, எந்தப் பாடசாலையும் வாய்திறந்து சொல்லத் தயங்கும் ஒரு மரணத்தைப் பற்றி. விழாவென்று பாடசாலை அழைக்க, அழகாக உடுத்திக்கொண்டு வந்து, வீடு திரும்பாமற் போன பிள்ளைகளின் மரணத்தைப் பற்றி.

ஏன் தயங்குகிறோம் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. நோய் வந்து போனால் விதி என்கிறோம். தெருவில் வாகனம் அடித்தால் சாரதியைச் சொல்கிறோம். விழாநாளிற் போனால் அந்தப் பிள்ளையை வரச்சொன்னவர்கள் நாங்கள். 'நேரத்துக்கு அனுப்பிவிடுங்கோ' என்று தாய்க்குச் சொல்லியனுப்பியது ஆசிரியை. விடிய எழுந்து தலைவாரி, கனகாம்பரம் வைத்து, கடன்பட்டு வாங்கிய சட்டையைப் போட்டுவிட்டது தாய். நடனத்தில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கத்தால் மேடைக்கு ஏற வேண்டும் என்று ஒத்திகை பார்த்தது நாங்கள். ஆகவே பிள்ளை போனபின் எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். கேள்வி தாங்கமுடியாததாய் இருப்பதால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். படம் சுவரிலிருந்து இறங்கி அலுமாரிக்குள் போய்விடுகிறது. பத்து வருடத்துக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

இந்தியாவில் ஹரியானா மாநிலத்தில் மண்டி டப்வாலி என்று ஒரு சிறிய பட்டணம். 1995 டிசெம்பர் 23ஆம் திகதி அங்கேயுள்ள டி.ஏ.வி. பாடசாலையின் வருடாந்த விழா ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. மண்டப வளவுக்குள் துணியாலும் செயற்கை இழையாலும் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 1500 பேர் உள்ளே. மேடையிற் சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சி. மின்னொழுக்கிலிருந்து பந்தலில் தீப்பிடித்தது. துணி உருகிக் கீழே இருந்தவர்களின் தலைமேல் விழுந்தது. வெளியேற ஒரு வாசல்தான். சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 442 பேர். அதிற் பாதிக்கு மேல் பிள்ளைகள். மிகுதிப் பேரிற் பெரும்பாலோர் தாய்மார். ஓடி வெளியே வந்த தாய்மார் சிலர், பிள்ளை உள்ளே என்று திரும்பவும் நெருப்புக்குள் போனார்களாம். இதைப் படித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. இங்கே இருக்கும் தாய்மாரும் ஆச்சரியப்படமாட்டீர்கள்.

1995 டிசெம்பர் 23 என்ற திகதியைக் கேட்டதும் உங்களிற் சிலர் நிமிர்ந்து பார்த்ததைக் கண்டேன். அன்று நாங்கள் எங்கே இருந்தோம்? ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியது. அடுத்து வந்த நத்தாருக்கு நாங்கள் தென்மராட்சியில், யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில், பாடசாலை வகுப்பறையில், மரத்தடியில் இருந்தோம். சிலர் கிளாலி கடந்து வன்னிக்குப் போய்விட்டார்கள். பற்றறி கிடைத்தால் வானொலியில் எங்கள் செய்தியைத் தேடுவோமே தவிர, வேறு ஊர்ச் செய்தி காதில் விழாது. டப்வாலியில் நானூறு வீடுகளில் ஒப்பாரி எழுந்தபோது அதைக் கேட்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. எங்கள் ஒப்பாரி அவர்களுக்குக் கேட்டிருக்கவும் நியாயமில்லை. பல வருடங்களுக்குப் பின்புதான் இதைப் படித்து அறிந்தேன். ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் அன்றிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு இப்படியான சம்பவங்களைத் தேடித் தேடி வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. என் மகள், 'அம்மாவுக்கு வேறு வேலை இல்லையோ' என்பாள். ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. நாடு வேறு, பாஷை வேறு, காலம் வேறு. கதவு மட்டும் ஒரே கதவு.

1883இல் இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு மாயவித்தைக் காட்சி நடந்தது. கடைசியில், இன்ன இலக்கமுள்ள ரிக்கற் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். கீழே மேடையிலிருந்து பரிசுகளை எறியவும் தொடங்கினார்கள். மேல்மாடத்தில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமற் போய்விடும் என்று படிக்கட்டால் ஓடி இறங்கினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. அதையும் ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். முன்னாற் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். நெருப்பு இல்லை, வெள்ளம் இல்லை. பரிசு வாங்க ஓடிய ஓட்டந்தான். அதற்குப் பிறகுதான் பொது மண்டபங்களின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற சட்டமும், உள்ளே இருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் கம்பியும் வந்தன. கொழும்பிலும் வெளிநாடுகளிலும் படமாளிகைக் கதவுகளில் இடுப்பளவு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி இருக்கக் கண்டிருப்பீர்கள். அடுத்தமுறை அதில் கைவைக்கும்போது அந்தப் பிள்ளைகளை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பூங்காவில், இறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயின் சிலை இருக்கிறது.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிளீவ்லண்ட் பாடசாலை. 1923 மே 17. தவணை முடிவு நாடகம். ஊர் முழுக்க மேல்மாடி மண்டபத்தில். தொங்கவிட்டிருந்த மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று விழுந்தது. இறங்க ஒடுக்கமான ஒரே படிக்கட்டு. 77 பேர். அதற்கு அடுத்த வருடம், 1924 டிசெம்பர் 24, ஒக்லகோமாவில் பாப்ஸ் சுவிச் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நத்தார் விழா. ஒளிவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசு கொடுத்துக்கொண்டிருக்கும்போது நத்தார் மரத்து மெழுகுதிரியிலிருந்து தீப்பிடித்தது. கதவு ஒன்று, அதுவும் உட்பக்கமாகத் திறப்பது. யன்னல்களுக்குக் களவும் சேட்டையும் வராமல் இருக்கக் கம்பி வலை அடித்திருந்தார்கள். 36 பேர். பாதுகாப்புக்கென்று அடித்த வலை!

இதையெல்லாம் கேட்கும்போது 'அது வெள்ளைக்கார நாட்டில், அந்தக் காலத்தில்' என்று தோன்றும். இல்லை, எங்கள் தமிழ் மண்ணுக்கே வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூனில் கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட அடியார்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண வீடு. வீடியோ விளக்கின் வயரிலிருந்து பொறி பறந்து ஓலைப் பந்தலிற் பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆறு மாதம் கழியவில்லை. அதே காவிரிக் கரையில் கும்பகோணத்தில், 2004 ஜூலை 16, மதிய உணவு சமைத்த கொட்டிலின் நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவி, மேல்மாடியில் இருந்த 94 பிள்ளைகள் இறந்தார்கள். அது விழாநாள் அல்ல, வழமையான பள்ளிக்கூட நாள். என்றாலும் ஓலை, ஒடுக்கமான படி, நிறையப் பிள்ளைகள், ஒரு வழி என்ற நாலும் அங்கேயும் இருந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பாடசாலைகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி உத்தரவு போட்டார்கள். பத்து வருடம் வழக்கு நடந்து, 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது.

கும்பகோணத்துத் தாய்தகப்பன்மாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூலை 16ஆம் திகதியும் அவர்கள் அந்தப் பாடசாலை வாசலிற் கூடுகிறார்கள். பிள்ளைகளின் படம் போட்ட பெரிய பதாகையின் முன்னால் அந்தந்தப் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைக்கிறார்கள். சிலர் புதுச்சட்டை வாங்கி வைக்கிறார்கள். பின்னேரம் மகாமகக் குளத்துக்கு விளக்கோடு போகிறார்கள். நான் கவனித்தது அந்தப் பலகாரத்தை. என் பிள்ளை எது விரும்பிச் சாப்பிடும் என்பது ஒரு தாய் எந்த அதிகாரிக்கும், எந்த நீதிமன்றத்துக்கும் சொல்லத் தேவைப்படாத விபரம். ஆனால் அந்த ஒன்று போனால், 94 என்ற எண்ணுக்குள் பிள்ளை காணாமற் போய்விடுகிறாள். நினைவுகூருதல் என்றால் என்ன என்று என்னிடம் யாரும் கேட்டால் அந்தத் தட்டைத்தான் காட்டுவேன்.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். எங்களைச் சுற்றி நெருப்பை விடத் தண்ணீர்தான் அதிகம். 2017 ஆகஸ்ட் கடைசியில் மண்டைதீவுக் கடலில், கொண்டாட்டமாகப் போன ஆறு மாணவர்கள் படகு கவிழ்ந்து இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உயர்தரம் படித்த, மீசை அரும்பிய பிள்ளைகள். குடாநாட்டின் எந்த மூலையிலிருந்தும் சைக்கிள் மிதித்தாற் கடல் வரும். மாதகல் கரை எங்களுக்கு எட்டிய தூரம். கீரிமலைக் கேணி தெரியாதவர் யார்? இருந்தும் எங்களுள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுள், நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இங்கே கை உயர்த்தச் சொன்னால் இரண்டு மூன்று கைதான் எழும்பும். 2004 டிசெம்பர் 26இல் கடல்கோள் வந்தபோது கிழக்கிலும் முல்லைத்தீவிலும் ஆண்களை விடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகமாக இறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. நீந்தத் தெரியாது, மரத்தில் ஏறிப் பழக்கமில்லை, சீலை காலைத் தடுத்தது, நீண்ட தலைமயிர் சிக்கியது. அடக்கம் என்று சொல்லி வளர்த்த எல்லாம் அன்றைக்கு எங்களுக்கு எதிராக நின்றன. இதை மேடையிற் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, தெரியும். சொல்லிவிட்டேன்.

விபத்து நடந்தபிறகு பாடசாலைகள் செய்யும் சுலபமான காரியம் தடை போடுவது. சுற்றுலா இல்லை, கடற்கரை இல்லை, மரதன் ஓட்டம் இல்லை, இரவு நிகழ்ச்சி இல்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பிள்ளைகளை அடைத்து வைத்தால் அவர்கள் ஒளித்துப் போவார்கள். ஒளித்துப் போகும் பிள்ளையோடு பெரியவர் இருக்கமாட்டார், கயிறு இருக்காது, உயிர்காப்பு அங்கி இருக்காது. விழா வேண்டும். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத ஐந்தாறு வருடமும் ஜாம் போத்தல் விளக்கில் படித்த நாங்கள், வாணி விழாவையும் ஒளிவிழாவையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் விடவில்லையே! இயலுமானபோதெல்லாம் நடத்தினோம். பஞ்சு ஒட்டிய தாடியும், கிறேப் கடதாசிச் சோடனையும், பக்கத்திலே மெழுகுதிரியுமாய் அந்த நாட்களில் நாங்கள் செய்ததை இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. எங்களைக் கடவுள் காப்பாற்றினார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அவருக்கும் எல்லா வருடமும் ஒரே வேலையைக் கொடுக்கக்கூடாது.

ஆகையால் விழாக்குழுப் பிள்ளைகளிடம் இந்தச் சபையில் வைத்தே ஒரு விண்ணப்பம். தனியே கேட்டால், 'ஓம் ரீச்சர், பார்ப்பம்' என்று சொல்லிவிடுவீர்கள். பிரதான விழாவுக்கு மைதானத்திற் பந்தல் வருகிறது என்று அறிந்தேன். ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். மூன்று பக்கமும் சீலையால் மறைத்து முன்பக்கம் மட்டும் வாசல் விடுவதுதான் இப்போதைய வழக்கம். பார்க்க அழகு. வேண்டாம். நாலு பக்கமும் திறந்திருக்கட்டும், வெயில் பட்டால் பரவாயில்லை, குடை பிடிப்போம். ஜெனரேற்றரைப் பந்தலின் முதுகிலே வைக்காமல் தூரக் கொண்டுபோய் வையுங்கள். வயரை மின்சாரம் தெரிந்த ஒருவர் விழாவுக்கு முதல்நாள் பார்க்கட்டும், அன்று காலையில் அல்ல. உணவுக் கொட்டிலின் காஸ் அடுப்பு பிள்ளைகள் நடனத்துக்கு நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. இந்த மண்டபத்தின் பின்கதவுக்கு முன்னால் அடுக்கியிருக்கும் உடைந்த வாங்குகளை எடுத்துவிடுங்கள். அது எத்தனையோ வருடமாக அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன், கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்னால் நிலத்தில் இருத்தி, பின்னாற் கதிரைகளில் பெரியவர்கள் இருப்பது எங்கள் வழமை. ஏதும் நடந்தால் கதவுக்குக் கிட்ட இருப்பவர்கள் பெரியவர்கள், ஆகத் தூரத்தில் இருப்பவர்கள் குழந்தைகள். இந்த முறை மாற்றிப் பாருங்கள். ஓரமாக, வாசலோடு, அவர்களை இருத்துங்கள். பிரமுகர்கள் நடுவில் இருக்கட்டும். அவர்களுக்கு நீண்ட பேச்சைக் கேட்கும் பொறுமை உண்டு.

சிரிக்கிறீர்கள், நல்லது.

போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வேன் என்றேன். 1995 ஜூலை 9 வலிகாமம் மேற்கிலிருந்து சனம் ஓடிய நாள். அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. அதே வருடம் செப்டெம்பர் 22, நாகர்கோவில் பாடசாலையில் மதிய நேரம், வகுப்பு முடிந்து மரத்தடியில் நின்ற பிள்ளைகள் மீது குண்டு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். இவற்றை நினைவு நூல்களிற் சிலர் 'துயர விபத்து' என்று எழுதுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள், யாரையும் நோகப்பண்ணாமல் இருக்க. ஆனால் விளக்கு விழுந்து எரிவது விபத்து. படகு கவிழ்வது விபத்து. ஆகாயத்திலிருந்து குறிபார்த்து விழுந்ததற்கு அந்தச் சொல் பொருந்தாது. இறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் இப்போது கொடுக்கக்கூடியது சரியான சொல் ஒன்றுதான், அதையும் மாற்றிக் கொடுக்க வேண்டாம் என்று மலராசிரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, தப்பியவர்களைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1966 ஒக்ரோபர் 21இல் வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற சுரங்கக் கிராமத்தில், மலைபோற் குவித்த சுரங்கக் கழிவு சரிந்து பாடசாலையை மூடியது. மறுநாளிலிருந்து விடுமுறை. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் பள்ளிக்கூடம் வெறுமையாய் இருந்திருக்கும். 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அதில் தப்பிய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின் சொன்ன ஒன்று என் நெஞ்சில் நின்றுவிட்டது. அவர்கள் அதற்குப் பிறகு தெருவில் விளையாடுவதில்லையாம். தாங்கள் ஓடி விளையாடுவதைக் கண்டால், பிள்ளையை இழந்த அயல்வீட்டுத் தாய்க்கு நோகும் என்று அஞ்சி வீட்டுக்குள் இருந்தார்களாம். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள்.

இந்தச் சபையிலும் அப்படி வீட்டுக்குள் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். பக்கத்து வாங்கில் இருந்தவள் போய்விட்டாள், நான் இருக்கிறேன் என்று அறுபது வயதிலும் நினைப்பவர்கள். அவளுடைய தாயைத் தெருவிற் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு ஒழுங்கையாற் போனவர்கள். வெளிநாட்டிலிருந்து வருடாவருடம் சங்கத்துக்குக் காசு அனுப்பிவிட்டு, 'பெயர் போடவேண்டாம்' என்று எழுதுபவர்கள். உங்களுக்கு ஒரு சேதி. அந்தத் தாய்மாரிற் சிலரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் உங்களைப் பார்க்க விரும்புகிறார்கள். 'அவளோடு படித்த பிள்ளைகள் ஒருதரும் வாறேல்லை' என்பதுதான் அவர்களுடைய குறை. நீங்கள் போனால் அழுவார்கள், உண்மைதான். அழுதுவிட்டு உங்கள் பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணுவார்கள், தங்கள் மகள் இருந்திருந்தால் என்ன வயது என்று. அந்தக் கணக்கை நீங்கள் இருந்தால்தான் அவர்களாற் போட முடியும். இந்தமுறை வந்தவர்கள், விமானம் ஏறுமுன் ஒரு பின்னேரம் அதற்கு ஒதுக்குங்கள். வெறுங்கையோடு போகாமல், அவளைப் பற்றித் தாய்க்குத் தெரியாத ஒரு சங்கதியைக் கொண்டுபோங்கள். கணக்குப் பாடத்தில் யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதினாள், இடைவேளையில் யாருக்கு மாங்காய் கொடுத்தாள், எந்தப் பாட்டை ஓயாமல் முணுமுணுத்தாள் என்பதைப் போல. அது உங்களிடம் மட்டுந்தான் இருக்கிறது.

படிக்கும் காலத்திலேயே எம்மை விட்டுப் போனவர்களின் பெயர்களைச் சங்கம் வருடவாரியாகத் திரட்டியிருக்கிறது. அது முழுமையான பட்டியல் அல்ல. விடுபட்ட பெயர் உங்களுக்குத் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் கொப்பியில், வகுப்பையும் ஊரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எப்படி இறந்தாள் என்பதை எழுதவேண்டியதில்லை. அவளைப் பற்றி நினைவில் நிற்கும் ஒரு வரியை எழுதுங்கள், போதும்.

இப்பொழுது எல்லோரும் எழுந்து நிற்போம். முழங்கால் நோவுள்ள அக்காமார் இருந்தபடியே இருங்கள். பெயர்களை வாசிக்கும்படி செயலாளரை அழைக்கிறேன். பிள்ளை, அவசரப்படாமல் வாசியுங்கோ. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்சம் நில்லுங்கோ, அவளோடு படித்தவர்கள் இங்கே இருந்தால் 'வந்திருக்கிறாள்' என்று சொல்லட்டும்.